கோப்பி வறுக்குங் கலை: நோர்வேயும் யப்பானும் நம் கடற்கரையும்

தமிழாசிரியர்க்கும் கோப்பிக்கும் என்ன உறவு என வினவுவார் இம்மலரைப் புரட்டுவோருள் இருத்தல் கூடும். ஆசிரியர் அறையிலே நாள்தோறும் இருமுறை நம் கைக்கு வருவதொன்று எங்கிருந்து வந்தது, எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அறியாதிருத்தல் கற்பிக்குந் தொழிலார்க்கு அழகன்று என்பதே நம் விடை. அன்றியும், நம் பழைய மாணவர் சிலர் கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் உத்தியோகம் பார்த்துத் திரும்புங்கால் 'சிறப்புக் கோப்பி' என்னும் புதியதொரு பேச்சையும் உடன்கொண்டு வருகின்றனர். பட்டம் பூட்டிக் கடலிற் சறுக்கி விளையாடக் கற்பிட்டிக்கு வரும் வெளிநாட்டாரும் அதனையே கேட்கின்றனர். அத்தகைய கோப்பியை வறுக்குஞ் சாலை ஒன்றை இக்கரையிலே நிறுவலாமா என நம்மை உசாவிய இளைஞரும் உளர். அவர்க்கு வாய்மொழியாகச் சொன்னதை விரித்தெழுதியதே இக்கட்டுரை.

சொல்லினின்று தொடங்குவோம், தமிழாசிரியர்க்கு வேறு தொடக்கம் வாராது. அரபு மொழியில் 'கஹ்வா' என வழங்கியது துருக்கியிற் 'கஹ்வே' ஆகி, ஒல்லாந்த மொழியிற் 'கொஃபி' ஆகி, அதன் வழியே ஆங்கிலம் புகுந்தது என்பர் சொல்லாராய்வோர். தமிழகத்தார் 'காப்பி' என்பர். ஈழத்தவராகிய நாம் 'கோப்பி' என்கிறோம். 'கந்தோர்' என்னுஞ் சொல்லை ஒல்லாந்தரிடமிருந்து பெற்ற நமக்கு இவ்வொலியும் அவர்தம் ஒலிக்கு அணித்தாய் நிற்றல் வியப்பன்று. விதை குளம்பின் வடிவை ஒத்தலின் 'குளம்பி' எனத் தமிழ்ப்பெயர் ஆக்கினாரும் உளர். பெயர் பொருத்தமானதே. ஆயினும் எந்தத் தேநீர்க் கடையிலும் குளம்பி கேட்டு வாங்கியவரை நாம் கண்டிலம்.

1344ஆம் ஆண்டிலே புத்தளக் கரையை அடைந்த மொறொக்கோ நாட்டுப் பயணி இப்னு பத்தூதா, மலைநாட்டு வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் கிடந்தமையைக் குறித்துள்ளார். கோப்பியை அவர் குறித்திலர், குறித்திருக்கவும் இயலாது. யெமன் நாட்டுச் சூபி அடியார் இரவு வழிபாட்டில் உறக்கம் நீங்கக் கோப்பி பருகியமைக்கு நம்பத்தக்க சான்று பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே கிடைக்கின்றது. இலங்கைக்கு அதனை முதலிற் கொணர்ந்தோர் அரபு வணிகர் என்பது பரவலான கருத்து. அக்காலத்து இத்தீவினர் கொட்டையை வறுத்துக் குடித்திலராம். இலையைக் கறிக்கும் பூவைக் கோயிலுக்கும் பயன்படுத்தினராம். மல்லிகை போன்ற வெண்மையும் மணமும் உடைய பூவாதலின் அதனைப் பூசைக்கு எடுத்தமை நமக்கு எளிதிற் புரியும்.

ஒல்லாந்தர் வரவு இக்கதையை உலகக் கதையாக்கிற்று. 1667 முதல் 1676 வரை கற்பிட்டியிற் கோட்டை கட்டி முடித்த அதே கிழக்கிந்தியக் கும்பனியே, 1641 முதல் யப்பானின் நாகசாக்கித் துறைமுகத்துத் தேசிமா என்னும் சிறுதீவில் அடைபட்டிருந்து வாணிகஞ் செய்தது. யப்பானியர் கோப்பியை முதன்முதல் சுவைத்தது அத்தீவில் இருந்த ஒல்லாந்தர் வழியாகவே. குளிர்ந்த நீரைத் துளித்துளியாகச் சொட்டவிட்டு மணிக்கணக்கில் இறக்கும் கோப்பிக்கு யப்பானிலே இன்றும் 'ஒல்லாந்தக் கோப்பி' என்னும் பெயர் வழங்குகின்றது. நம் கற்பிட்டிக் கோட்டை மதிலும் கியோத்தோ நகரத்துக் கண்ணாடிச் சொட்டுக் கருவியும் இவ்வாறு ஒரு வகையில் உறவுடையன.

இனி மலைநாட்டுக் கதையைச் சிறிது சொல்லவேண்டும்; அதனைச் சொல்லாமற் கோப்பியைப் பேசுவது நேர்மையன்று. 1820களிற் கம்பளைக்கு அணித்தே ஜோர்ஜ் பேட் என்பாரும், கன்னொறுவையில் ஆள்பதி எட்வேட் பாண்சும் பெருந்தோட்ட முறையிற் கோப்பி பயிரிடத் தொடங்கினர். அரை நூற்றாண்டுக்குள் ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கர் நிலம் கோப்பிக் காடாயிற்று. 1870ஆம் ஆண்டில் ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தருக்கு மேற்பட்டது. இவ்வளவையும் பறித்தவர் யார்? இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே காடு கடந்து மாத்தளை நோக்கி நடந்த தமிழ்மக்களே. பறிப்புக் காலத்திற்கு வந்து பறிப்பு முடிந்ததும் மீண்டும் நடந்து திரும்புவோராய் அவருட் பலர் இருந்தனர். வாந்திபேதியும் அம்மையும் பசியும் வழிநெடுக அவரை வீழ்த்தின. இலண்டனிற் கோப்பி அருந்தியோர் அக்கதையைக் கேட்டிருக்கமாட்டார்.

1869இல் இலையின் கீழ்ப்புறத்தே செம்மஞ்சட் பொடி தோன்றிற்று. பேராதனைப் பூங்காவினின்று துவைற்ஸ் என்பார் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பேக்கிலி என்னும் ஆங்கிலேயப் பாதிரியார், அது புதியதொரு பூஞ்சணம் எனக் கண்டு, 'எமிலெயா வாஸ்தாத்திரிக்ஸ்' எனப் பெயரிட்டார். பின்னைய சொல்லின் பொருள் பாழாக்குவது என்பதே. 1880 முதல் 1882 வரை இங்குத் தங்கி ஆராய்ந்த மாசல் வோட் என்னும் இளைஞர், பூஞ்சணத்தின் வாழ்க்கையை முற்ற அறிந்தும் பயிரைக் காக்கும் வழியைக் கண்டிலர். மலைமுழுதும் ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதன் கேட்டை அவர் எடுத்துரைத்தார். 1884இல் ஓரியன்ரல் வங்கியும் முறிந்தது. கோப்பி நின்ற இடத்திலே தேயிலை நின்றது. 1867இல் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் ஜேம்சு ரெயிலர் தேயிலை நட்டிராவிடின் இத்தீவின் கதி யாதாயிருக்கும் என்பது வரலாற்று மாணவர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

கோப்பி மலைநாட்டில் முற்றும் அழிந்திலது. வீட்டுத் தோட்டத்து வேலியோரமாயும் மிளகுக் கொடியின் அயலிலும் நின்று பிழைத்தது. அங்ஙனம் பிழைத்த மரங்களின் கொட்டையைத்தான் நம் பாட்டிமார் வாங்கி இரும்புத் தாச்சியிலிட்டுக் கருக வறுத்து, கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் கூட்டி உரலில் இடித்து அரிதட்டில் அரித்தெடுத்தனர்.

இப்பொழுது நோர்வேக்குச் செல்வோம். வடதுருவத்தை அடுத்த நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் ஒரு கோப்பிச் செடியும் வளராது. ஆயினும் உலகிலே ஆளொருவர்க்கு மிகுதியான கோப்பியைச் செலவிடுவோர் அவரே. பின்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 கிலோகிராம் என்பது வழக்கமான கணக்கு. சுவீடன் அரசு பதினெட்டாம் நூற்றாண்டிற் பன்முறை கோப்பியைத் தடைசெய்தது. மூன்றாங் குஸ்தாவ் மன்னன், கோப்பி நஞ்சென மெய்ப்பிக்க விரும்பி, மரணதண்டனை பெற்ற இருவருள் ஒருவனுக்குக் கோப்பியும் மற்றவனுக்குத் தேநீரும் நாள்தோறும் கொடுக்கச் செய்தான் என்றும், மேற்பார்த்த வைத்தியரும் மன்னனும் முன்னே இறக்கக் கைதிகள் நெடுங்காலம் வாழ்ந்தனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையோ மெய்யோ, மாணவர்க்குச் சொல்ல நன்று. சுவீடன் மக்கள் கோப்பிக்காக வேலையை நிறுத்தி அமர்தலை 'ஃபீக்கா' என்பர். 'கஃபி' என்னுஞ் சொல்லின் அசைகளை முன்பின்னாக மாற்றியதாற் பிறந்தது அது. விசிறி சிவிறி ஆனதையும், தசை சதை ஆனதையும் நன்னூல் வகுப்பிற் படித்த நம் மாணவர்க்கு இது புதிதன்று.

நோர்வேயில் 1916 முதல் 1927 வரை கடுமதுவிலக்கு நிலவிற்று. அக்காலத்தே கோப்பி வீட்டுக்கு வீடு வேரூன்றிற்று. உப்பிட்டு உலர்த்திய மீனைப் பிறேசிலுக்கு ஏற்றிச்சென்ற கப்பல்கள் கோப்பி மூட்டையோடு திரும்பின. கருவாட்டை நன்கறிந்த நம் கரையார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அந்நாட்டுப் பழைய முறை மிக எளியது: கொதித்து இறக்கிய நீரிற் பருக்கனாக அரைத்த கோப்பியைப் போட்டு, மண்டி அடியிற் படியும்வரை காத்திருந்து, மேலாக வார்த்துக் குடித்தல். மண்டி விரைவிற் படிதற்பொருட்டு உலர்ந்த மீன்தோலின் சிறு துண்டொன்றை இடும் வழக்கமும் இருந்தது. மீன்தோலிலுள்ள பசைப்பொருள் நுண்ணிய தூளைப் பற்றிக்கொண்டு கீழே இழுத்துவிடும். மரக்கறி உணவினராகிய நம் வாசகர் முகஞ்சுளித்தல் வேண்டா; உடப்பு, கற்பிட்டி மீனவ அன்பர் இதனைச் சுவைத்துப் பார்க்கலாம்.

அந்நாட்டார் கோப்பியை மென்மையாக வறுப்பது பழைய வழக்கமே எனினும், அதனை ஒரு கலையாக்கியது அண்மைக் காலத்தில். உலகக் கோப்பி வடிப்போர் போட்டி 2000ஆம் ஆண்டு முதன்முறை நடைபெற்றபோது வென்றவர் நோர்வே நாட்டு றொபேட் தோரேசன். 2004இல் வென்றவர் அதே நாட்டுத் திம் வெண்டல்போ. இவர் 2007இல் ஒஸ்லோ நகரத்திற் சிறுசாலை ஒன்றைத் தொடங்கி வறுத்தும் வடித்தும் வருகின்றார். 'சிறப்புக் கோப்பி' என்னுஞ் சொற்றொடரை 1974இல் வழக்கிற் கொணர்ந்த ஏர்ணா நூட்சன் அம்மையாரும் நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவரே. இன்ன மலை, இன்ன மண், இன்ன மழை தரும் கொட்டைக்கு இன்ன சுவை என்பது அவர்தம் கருத்து. இக்காலத்தே நூறு புள்ளிக்கு எண்பதும் அதற்கு மேலும் பெறும் கொட்டையே அப்பெயர்க்கு உரியதாகக் கொள்ளப்படுகிறது.

யப்பானியர் வழியோ முற்றிலும் வேறு. 1888இற் தோக்கியோவின் உவேனோப் பகுதியில் முதற் கோப்பி இல்லம் திறக்கப்பட்டது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1908இற் 'கசாத்தோ மாரு' என்னுங் கப்பல் 781 யப்பானியக் குடியேற்றத்தாரைப் பிறேசிலின் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றது. அவர்தம் உழைப்பிற்குக் கைம்மாறாகப் பிறேசிலின் சான் பாவுலோ அரசு இலவசமாக அனுப்பிய கொட்டைகளைக் கொண்டே தோக்கியோவில் 'கஃபே பவுலிஸ்தா' நடைபெற்றது. மன்னார் வழி நடந்த நம்மவர்க்கு அத்தகைய கைம்மாறு எதுவும் வந்ததாக நாம் அறியோம்.

போருக்குப் பின் 'கிஸ்ஸத்தேன்' எனப்படும் கோப்பி இல்லங்கள் யப்பானெங்கும் பெருகின. அவற்றின் தலைவர் ஒவ்வொருவரும் ஒரு குருவை ஒப்பர். 1948இல் தொடங்கிய 'கஃபே த லாம்பிறு' என்னும் இல்லத்தின் தலைவர் இச்சிரோ செக்கிகுச்சி, 2018இல் தம் 103ஆம் வயதில் மறையும்வரை அவ்வில்லத்தோடு வாழ்ந்தவர். கத்சுஜி தைபோ என்பார் 1975 முதல் 2013 வரை தாம் நடத்திய இல்லத்தில், கையாற் சுழற்றும் ஒரு கிலோகிராம் உருளையிலே காலைதோறும் தாமே வறுத்தார். இவர்கள் கொட்டையைக் கருமை படர ஆழமாக வறுப்பவர். பின்னர்ப் பஞ்சுத்துணிப் பையில் இட்டு, கொதிநிலைக்கு மிகத் தாழ்ந்த வெந்நீரை நூலிழைபோல வார்த்துத் துளித்துளியாக இறக்குவர். அதனாற் கருமை இருந்தும் கடுமை இராது.

எனவே, வடநாட்டு முறையும் யப்பானிய முறையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இவற்றை இணைத்தல் எங்ஙனம்? இணைந்ததற்கு மெய்யான எடுத்துக்காட்டு உண்டு. 1963 முதல் ஒஸ்லோவில் இருந்துவரும் 'ஃபூக்ளன்' என்னுங் கோப்பி இல்லம் (அச்சொல்லுக்குப் பறவை என்பது பொருள்) 2012இல் தோக்கியோவின் தொமிகாயாப் பகுதியில் ஒரு கிளையைத் திறந்தது. பின்னர் அந்நகரிலேயே வறுக்கவும் தொடங்கினர். வறுவல் வடநாட்டு மென்மை. வடிக்கும் கைப்பக்குவம் யப்பானியரது. அமரும் ஆசனங்கள் பழைய நோர்வேத் தச்சுவேலை. யப்பானியர் செய்த கூம்பு வடிகருவிகள் இன்று ஒஸ்லோவிலும் கோப்பன்கேகனிலும் நாள்தோறும் பயன்படுகின்றன. தாளில் வடிக்கும் முறையை 1908இற் கண்டவரோ செருமனி நாட்டு இல்லத்தரசி மெலிற்றா பென்ஸ். மகனின் பள்ளிக்கூட மைவுறிஞ்சுத் தாளைத் துளையிட்ட பாத்திரத்தில் இட்டு அவர் வடித்துப் பார்த்தனர் என்பர்.

வறுத்தலின் உள்நிகழ்ச்சியை நம் அறிவியல் மாணவர்க்காகச் சற்று விரிப்போம். பச்சைக் கொட்டையில் நூற்றுக்குப் பத்து முதற் பன்னிரண்டு பங்கு நீர் உண்டு. உருளை சூடேற அந்நீர் முதலில் வெளியேறும். பச்சை நிறம் மங்கி, ஏறத்தாழ 150 பாகையில் வைக்கோல் நிறமும் வெந்த தானியத்தின் மணமும் தோன்றும். அடுத்து வெல்லமும் புரதமும் சேர்ந்து வினைப்பட்டுக் கபில நிறத்தையும் நூற்றுக்கணக்கான நறுமணப் பொருள்களையும் ஆக்கும். இவ்வினையை முதலில் விளக்கியவர் மயாட் என்னும் பிரெஞ்சு அறிஞர். பாணின் மேற்றோல் சிவப்பதும் அதனாலேயே. வெப்பம் 196 பாகையை நெருங்க, உள்ளடங்கிய ஆவியின் அழுத்தந் தாங்காது கொட்டை வெடிக்கும். சோளம் பொரிவது போன்ற ஓசை கேட்கும். இதனை முதல் வெடிப்பு என்பர். நோர்வேயார் இவ்வோசை அடங்கியதும், சிலர் அடங்குமுன்னரே, கொட்டையை இறக்கிக் காற்றூட்டி ஆற்றுவர். அந்நிலையில் எடைக்குறைவு நூற்றுக்குப் பன்னிரண்டு அளவினது. வறுவலைத் தொடர்ந்தால் 224 பாகையளவில் மெல்லிய சடசடப்புடன் இரண்டாம் வெடிப்பு நிகழும். எண்ணெய் மேற்பரப்பில் மினுங்கும். எடைக்குறைவு பதினெட்டு இருபதாகும்.

மென்வறுவலில் எஞ்சுவது கொட்டையின் பிறவிப் புளிப்பும் பழமணமும். எதியோப்பியக் கொட்டையில் எலுமிச்சம்பூவையும் கெனியாக் கொட்டையிற் கருமுந்திரியையும் நினைவூட்டும் சுவை உண்டு என்பது வெறும் புனைந்துரையன்று. நாவிற்கு அது தெரியும். ஆழ்வறுவலில் அவை யாவும் அழிந்து வறுவலின் சுவையே மேலோங்கும். பிழை பொறுக்காதது மென்வறுவல். பழுக்காத காயும் பூஞ்சணம் பிடித்த கொட்டையும் அதில் உடனே தம்மைக் காட்டிக்கொடுக்கும். கருக வறுத்தாலோ நல்லதும் தீயதும் ஒருநிறமாகிவிடும். நல்ல கொட்டை கப்பலேறி, கழிவு ஊரில் தங்கிய நாட்டிலே மக்கள் கருக வறுத்துக் கொத்தமல்லி கூட்டியது அறியாமையால் அன்று. கிடைத்ததைக் குடிக்கத்தக்கதாக்கிய அறிவினாலேயே என நாம் கருதுகிறோம். மல்லிக் கோப்பியை நாகரிகமற்றதென இகழும் இளைஞர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

மேலும் நோக்கின், நம் வீட்டு முறைக்கும் அவ்விரு நாட்டு முறைக்கும் உள்ள நெருக்கம் வியப்பூட்டும். பேணியிலே தூளைப் போட்டுக் கொதிநீர் வார்த்து, மண்டி படிந்தபின் மேலாக ஊற்றிக் குடிக்கும் நம் கிராமத்து வழக்கம் நோர்வேயின் பழைய முறையே. வெள்ளைத் துணியைக் கம்பி வளையத்திற் தைத்து வடிக்கும் நம் வடிதுணி, யப்பானியரின் பஞ்சுத்துணிப் பையே. வேற்றுமை ஒன்றுதான்: யப்பானியர் அத்துணியைச் சவர்க்காரம் இடாது கழுவி, உலரவிடாது நீரில் அமிழ்த்திக் குளிர்ச்சியில் வைப்பர்; நாமோ கழுவிக் கொடியிற் போடுகிறோம். உலர்ந்த துணியிற் கோப்பி எண்ணெய் காறிப்போகும். மறுநாட் கோப்பியில் அக்காறல் ஏறும். இச்சிறு திருத்தத்திற்கு ஒரு சதமும் செலவில்லை.

புத்தளத்து உப்பிற்கும் இங்கே இடமுண்டு. கைப்பு மிகுந்த கோப்பியில் ஒரு சிட்டிகை உப்பிட்டாற் கைப்புக் குறையும் என்பது பல நாட்டு மாலுமிகளும் அறிந்த செய்தி. உப்பிலுள்ள சோடியம் நாவில் கைப்புணர்வை அடக்கி ஏனைய சுவைகளை மேலெழுப்பும் என்பதை 1997இற் பிறெஸ்லின், போச்சம் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 'நேச்சர்' இதழில் விளக்கினர். சீனியை அள்ளிக் கொட்டும் நம் வழக்கத்தைக் குறைக்க விரும்பும் நீரிழிவு நோயாளர் இதனைத் தம் வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கலாம். குருதியழுத்தம் உடையார்க்கு இது கூறப்பட்டதன்று.

இனி, இக்கரையில் வறுசாலை நிறுவ எண்ணுவோர் முதற்கண் அறியவேண்டுவது கொட்டையை அன்று, நீரை. ஒரு கோப்பைக் கோப்பியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் நீரே. நோர்வேயின் ஆறுகள் கருங்கற் பாறைமேல் ஓடி வருதலின் அந்நாட்டு நீர் மென்னீர். யப்பானின் ஆறுகள் குறுகியன, விரைந்தோடுவன. அந்நீரும் பெரும்பாலும் மென்னீரே. இரு மரபும் வேறு எதில் மாறுபடினும் இதில் ஒன்றுபட்டன. நம் கரையின் அடித்தளமோ புத்தளந் தொட்டு யாழ்ப்பாணம்வரை நீளும் சுண்ணக்கல். அருவக்காட்டிற் சுண்ணக்கல் அகழ்ந்து பாலாவியிற் சீமெந்து ஆக்குவதும் அதனாலேயே. அக்கல்லிற் கரைந்து வரும் கிணற்று நீர் வன்னீர். அதிலுள்ள இருகாபனேற்று, கோப்பியின் இனிய புளிப்பை வயிற்றுப்புளிப்பு மருந்து செய்வதுபோலவே அழித்துவிடும். பழைய மாணவர் ஒருவர் அன்போடு தந்த மென்வறுவற் கோப்பியை நாம் வீட்டுக் கிணற்று நீரிலும் மழைநீரிலும் ஒரே அளவாய் வடித்துப் பார்த்தோம். கிணற்று நீரில் வடித்தது நனைந்த கடதாசி போலச் சப்பிட்டது. மழைநீரில் வடித்தது தோடம்பழத் தோலை நினைவூட்டும் மணத்தோடு கூர்மையாயிருந்தது. கூர்மை சற்று மிகுதியே. கனிப்பொருள் அறவே இல்லா நீரும் கோப்பிக்கு ஆகாது.

ஆதலின் இரண்டையும் கலத்தல் வேண்டும். கோப்பிக்கு உகந்த நீரின் காரத்தன்மை லீற்றருக்கு 40 மில்லிகிராம் அளவினது என்பர். கிணற்றின் காரத்தன்மை 240 என அளந்தறிந்தால், ஐந்து பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு கிணற்று நீர் சேர்க்கக் கணக்குச் சரியாகும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இப்பிரசினம் எளிது. ஆனால் கற்பிட்டிக் குடாநாட்டு மணற்பாங்கான தோட்டநிலக் கிணறுகளிற் பசளை வழிவந்த நைத்திரேற்று மிகுந்திருத்தல் கூடும். கொதிக்கவைத்தாலும் அது நீங்காது. அங்குள்ளோர் நீரைப் பரிசோதிப்பித்தே பயன்படுத்தல் வேண்டும். கரையோரத்து ஆண்டு மழை ஏறத்தாழ 1,100 மில்லிமீற்றர் எனக் கொண்டால், இருபது சதுரமீற்றர்க் கூரை, சிதறியது போகப் பதினேழாயிரம் லீற்றர் தரும். நாளொன்றுக்கு ஐம்பது கோப்பை விற்கும் கடைக்கு வடிக்க வேண்டியது பத்து லீற்றர்; ஆண்டுக்கு 3,650. மீதி கழுவுதற்காகும். மழைநீரையும் சிரட்டைக்கரி அடுக்கின் ஊடாக வடித்துக்கொள்ளலாம். சிலாபம், மாதம்பைப் பக்கத்திற் சிரட்டைக்கரிக்குப் பஞ்சமில்லை.

அடுத்தது காற்று. ஈரமும் உப்பும் செறிந்த கடற்காற்றிற் பச்சைக் கொட்டை ஈரத்தை உறிஞ்சும். சாக்குப் பையிற் கிடந்தால் இரண்டொரு மாதத்தில் மணங் கெடும். காற்றுப்புகாப் பையில் அடைத்து, தரையினின்று உயர்த்தி வைத்தல் வேண்டும். வறுத்தபின்பும் உடனே வடித்தல் ஆகாது. உள்ளிருக்கும் கரியமிலவாயு வெளியேற மென்வறுவலுக்கு ஒரு கிழமையாவது வேண்டும். சூடாக இறக்கியதைச் சூடாகவே இடித்துக் குடிக்கும் நம் வழக்கத்திற்கு இது மாறானது. நம் தாயார் ஒருபோதும் ஒப்பார்.

கொட்டை எங்கிருந்து வரும்? இக்கரையில் வளராது, வெப்பம் மிகுதி, மழை குறைவு. கொத்மலை, நுவரெலியா முதலிய மலைப்பகுதிகளிற் சிறுதோட்டக்காரர் அராபிக்கா வளர்க்கின்றனர். ஏற்றுமதி விவசாயத் திணைக்களமும் கன்றுகள் கொடுத்து ஊக்குவிக்கிறது. 1927இல் தீமோர்த் தீவிற் கண்டெடுத்த இயற்கைக் கலப்பு மரத்தின் வழிவந்த இனங்களுக்கு இலைநோயைத் தாங்கும் ஆற்றல் உண்டு. மாசல் வோட் காணாத வழியை இயற்கையே காட்டிற்று எனலாம். கண்டியிலே யப்பானியர் முயற்சியால் இலங்கை அராபிக்காவை வறுத்து வடிக்கும் இல்லம் ஒன்று இயங்கியதும் நம் நாட்டுக் கொட்டைக்கு அந்நாட்டார் காட்டிய மதிப்பைப் புலப்படுத்தும்.

இங்கேதான் நாம் இளைஞரிடம் கண்டிப்பாகப் பேசினோம். பழுத்ததும் பழாததும் சேர்த்து உருவி எடையிற் போட்டால் ஒருவிலை, சிவந்த பழத்தை ஒன்றொன்றாய்ப் பறித்தாலும் அதே விலை என்றால் எந்தத் தோட்டக்காரர் வீணே நாளைக் கழிப்பார்? ஒரு கிலோகிராம் பச்சைக் கொட்டைக்கு ஐந்தாறு கிலோகிராம் பழம் வேண்டும். அதனை வறுத்தால் எஞ்சுவது எண்ணூற்றெண்பது கிராம். தெரிந்து பறித்தவர்க்குக் கூடிய விலையை முன்னரே பேசிக் கொடாதவர், நோர்வே என்றும் யப்பான் என்றும் பலகையில் எழுதி வைப்பதிற் பயனில்லை. மலையில் அப்பழத்தைப் பறிக்கும் கைகளுட் பல, வடபாதையில் நடந்தவரின் பேரப்பிள்ளைகளுடைய கைகள்.

வறுகருவி பெரிதாக வேண்டியதில்லை. தைபோ முப்பத்தெட்டு ஆண்டு ஒரு கிலோகிராம் உருளையோடு தொழில் நடத்தினார். எரிவாயு விலை ஏறினாற் சிரட்டைக்கரித் தணலிலும் வறுக்கலாம். யப்பானில் மரக்கரித் தணலில் வறுக்கும் மரபு உண்டு. லீற்றருக்கு அறுபது கிராம் தூள் என்பது தொடக்கத்திற்கு நல்ல அளவு. மென்வறுவலுக்குக் கொதித்து அரைநிமிடம் ஆறிய நீரும், ஆழ்வறுவலுக்கு எண்பது பாகை அளவான நீரும் ஏற்றவை. மல்லிக் கோப்பியையும் விற்பனைப் பலகையினின்று நீக்கவேண்டா. முன்னேசுவரத் திருவிழாக்காலத்து வரும் அடியார் அதனையே கேட்பர். மென்மையாக வறுத்த நல்ல கொட்டையோடு, தனியே வறுத்த கொத்தமல்லியையும் வேர்க்கொம்பையும் கூட்டினால் அதன் சுவை உயருமேயன்றிக் குறையாது. கருவி வாங்குவதை ஆறுதலாகச் செய்யலாம். மழைநீர்த் தொட்டி கட்டுவதாயின் ஐப்பசிக்கு முன்னரே கட்டி முடித்தல் வேண்டும்.